ஊர் மாறினால் ஸ்கோரும் மாறும்: பிள்ளையைப் பூப்பந்தில் சேர்க்கும் பெற்றோருக்கு

2022-இல் என் மகள் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில், 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்கள் பிரிவில், மாவட்ட அளவிலான பூப்பந்து (பேட்மிண்டன்) போட்டியில் அரையிறுதி வரை போனாள். அப்போது அவளுக்கு 10 வயது. மறு ஆண்டு கணவருக்கு வேலை மாற்றம் வந்தது. கோலாலம்பூர் செந்தூலுக்குக் குடிவந்தோம். அதே பிரிவு, அதே ராக்கெட், ஒரு வயது கூடிய அதே பிள்ளை. இங்கே வட்டாரப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே 21-6, 21-8 என்று தோற்றாள். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

காரில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். "ஏன் பின்னாடியே நின்னுட்டே? அந்த டிராப் ஷாட்டுக்கு ஓடியிருக்கலாம்ல? பினாங்குல இப்படியா ஆடினே?" அவள் வாயைத் திறக்கவில்லை. ராக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடியில் சுற்றியிருந்த மஞ்சள் கிரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது கைப்பிடியில் வெறும் மரம்தான் இருந்தது. கிரிப் சுருள் சுருளாக அவள் காலடியில் கிடந்தது. குனிந்து அதை எடுத்தபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

அவள் ஆட்டம் மோசமாகவில்லை. ஊர் மாறியிருந்தது, அவ்வளவுதான். அதை நான் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வருகிறவர்களும், இங்கிருந்து அங்கே போகிறவர்களும், முதல் பிள்ளையை இப்போதுதான் பயிற்சிக்கு அனுப்புகிறவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பயிற்றுநர் இல்லை. நான்கு வருடமாக ஹால் ஹாலாக உட்கார்ந்திருக்கும் அம்மா.

சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையை எண்ணுங்கள்

எந்தப் போட்டிக்குப் போனாலும் ஆட்ட அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். நாம் எல்லோரும் நம் பிள்ளையின் பெயரையும், முதலில் யாரோடு மோதுகிறாள் என்பதையும் பார்த்துவிட்டுப் போய்விடுவோம். நின்று மொத்தப் பெயரையும் எண்ணுங்கள். பட்டர்வொர்த்தில் அன்று இருந்தது 16 பெயர். அப்படியென்றால் அரையிறுதிக்குப் போக இரண்டே ஆட்டம் ஜெயித்தால் போதும். செந்தூலுக்கு வந்த ஆண்டு நான் எண்ணியபோது 50-க்கும் மேல் பெயர். 64 பேருக்கான கட்டம் போட்டிருந்தார்கள். அங்கே இரண்டு ஆட்டம் ஜெயித்தால் கடைசி 16-இல் நிற்கலாம். ஒரே உழைப்பு, ஒரே இரண்டு வெற்றி. ஓர் ஊரில் அதற்கு மேடையும் பதக்கமும் கிடைக்கும். இன்னோர் ஊரில் மாலை ஐந்து மணிக்கு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவோம்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் பதக்கத்தை எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். அதில் எத்தனை ஆட்டம் ஆடினாள், ஒவ்வொரு செட்டிலும் எத்தனை புள்ளி எடுத்தாள் என்று மட்டும் எழுதுவேன். 6 புள்ளி எடுத்த பிள்ளை ஆறு மாதம் கழித்து அதே தரத்தில் இருக்கும் எதிராளியிடம் 15 எடுத்தால் அது பெரிய முன்னேற்றம். தோல்விப் பட்டியலில் அது தெரியவே தெரியாது.

ஏணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளி, வட்டாரம் அல்லது மாவட்டம், மாநிலம், பிறகு எம்.எஸ்.எஸ்.எம். என்று எல்லோரும் சொல்லும் மலேசியப் பள்ளி விளையாட்டு மன்றத்தின் தேசியப் போட்டி. பள்ளிப் பிள்ளைகளின் ஏணி இதுதான். பூப்பந்தில் வயதுப் பிரிவு 12, 15, 18. வெளியே தனியார் அகாடமிகள் நடத்தும் போட்டிகள் வேறு கணக்கு. அவற்றில் தோற்றாலும் ஜெயித்தாலும் இந்த ஏணியில் ஒரு படிகூட நகராது. நிறையப் பெற்றோர் இரண்டையும் குழப்பிக்கொண்டு வாரா வாரம் பதிவுக் கட்டணம் கட்டுகிறார்கள்.

இன்னொன்று, புதிதாக வீடு தேடுகிறவர்களுக்கு: பிள்ளை எந்த மாநிலத்துக்கு ஆடுவாள் என்பதைத் தீர்மானிப்பது பள்ளியின் முகவரி, வீட்டின் முகவரி இல்லை. செந்தூலில் படித்தால் கூட்டரசுப் பிரதேசம். பத்து நிமிடம் தள்ளி கோம்பாக்கிலோ செலாயாங்கிலோ படித்தால் சிலாங்கூர். இருவரும் மாலையில் ஒரே ஹாலில், ஒரே கோச்சிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் போட்டி கடுமைதான். ஆனால் எந்தப் பள்ளி, அந்தப் பள்ளியில் பூப்பந்துக்குப் பொறுப்பான ஆசிரியர் யார், போட்டிக்குப் பிள்ளைகளை உண்மையாகவே அனுப்புகிறார்களா என்று பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் சின்னத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் இருந்தாலே போதும், பிள்ளைகள் எங்கேயோ போய்விடுவார்கள். அவர் மாற்றலாகிப் போய்விட்டால் ராக்கெட்டுகள் ஸ்டோரில் தூங்கும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

எந்த ஊரில் எந்த விளையாட்டு சூடு

"பினாங்கு லேசு, கோலாலம்பூர் கஷ்டம்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பூப்பந்து வீரர் லீ சோங் வெய் வளர்ந்தது புக்கிட் மெர்தாஜாமில், எங்கள் பட்டர்வொர்த் இருக்கும் பெருநிலப் பக்கம்தான். ஸ்குவாஷ் என்று எடுத்துக்கொண்டால் பினாங்குதான் கடினம். நிக்கோல் டேவிட் அந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவர். எட்டு முறை உலக வெற்றியாளர், 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதம் உலகத்தின் முதல் நிலை. புக்கிட் டும்பாரில் அவர் பெயரிலேயே ஸ்குவாஷ் மையம் இருக்கிறது. பக்கத்தில் மையம் இருந்தால், கண்ணெதிரே ஒரு வெற்றியாளர் இருந்தால், ஐந்து வயதுப் பிள்ளைகூட ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வரும். ஸ்குவாஷில் இரண்டாம் சுற்று ஜெயிக்கவே அங்கே நிறைய உழைக்க வேண்டும்.

அதுபோல ஈப்போ என்றால் ஹாக்கி. சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணம் பல ஆண்டுகளாக அங்கேதான் நடக்கிறது. திரெங்கானு என்றால் சைக்கிள். டுங்கூன்காரர் அசிசுல்ஹஸ்னி அவாங் இரண்டு ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தார். கோலாலம்பூரையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் பொறுத்தவரை பூப்பந்துதான் நெரிசல். கெப்போங், செத்தாப்பாக், சுங்கை பெசி பக்கம் பழைய கிடங்குகளை எல்லாம் ஹாலாக மாற்றியிருக்கிறார்கள். ஆறு வயதிலேயே வாரம் நான்கு நாள் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் மகளை 21-6 என்று வீழ்த்திய பெண் அப்படிப்பட்டவள்தான். அவளுடைய அம்மாவிடம் பிறகு பேசிப் பார்த்தேன். நல்ல மனுஷி. விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து பிள்ளையைப் பள்ளிக்கு முன் ஓடவைக்கிறார்.

ஆகவே ஊர் மாறும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இங்கே இந்த விளையாட்டில் எத்தனை பிள்ளைகள், எந்த வயதில் ஆரம்பிக்கிறார்கள்?" என்பதுதான். சேர்ப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை வட்டாரப் போட்டியைப் போய்ப் பாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்; ஆடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. முதல் சுற்றில் தோற்கும் பிள்ளைகளைக் கவனியுங்கள். அவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்பதுதான் அந்த ஊரின் அடித்தளம். நான் இதைச் செய்திருந்தால் 21-6 என்பது எனக்கு அதிர்ச்சியாகவே இருந்திருக்காது.

பிறந்த மாதம்

மகள் பிறந்தது நவம்பரில். வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்துத்தான். அதே ஆண்டு ஜனவரியில் பிறந்த பிள்ளையும் இவளும் ஒரே கோர்ட்டில் நிற்பார்கள். 11 வயதில் பத்து மாதம் என்பது உயரத்தில் ஒரு கை அகலம், கையெட்டும் தூரத்தில் இன்னும் கொஞ்சம். 1985-இலேயே கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதத்தை ஆராய்ந்து, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள்தான் தேர்வில் அதிகம் இருக்கிறார்கள் என்று ராஜர் பார்ன்ஸ்லி காட்டினார். பெரிய பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்கு நல்ல பயிற்சி கிடைக்கிறது, அப்புறம் அது உண்மையாகவே திறமையான பிள்ளையாகிவிடுகிறது.

ஆகஸ்டுக்கு மேல் பிறந்த பிள்ளை என்றால் 12 வயதுப் பிரிவில் தேர்வாகவில்லையே என்று ஒடிந்துவிடாதீர்கள். 15-ஆவது வயதில் அந்த இடைவெளி குறையும். அதுவரை பிள்ளை விளையாட்டை வெறுக்காமல் இருக்க வேண்டும், அதுதான் நம் வேலை. லீ சோங் வெய் பூப்பந்து கற்க ஆரம்பித்ததே 11 வயதில்தான்.

கோச்சிடம் கேட்க வேண்டியவை

வெட்கப்படாமல் கேளுங்கள். ஒரு கோர்ட்டில் எத்தனை பிள்ளைகள்? நான்கு என்றால் நல்லது, ஆறு சமாளிக்கலாம், எட்டு என்றால் உங்கள் பிள்ளை பாதி நேரம் இறகுப்பந்து பொறுக்கிக்கொண்டிருக்கும். புதிதாக வரும் பிள்ளைக்குப் பந்து போடுவது நீங்களா, உங்கள் மூத்த மாணவனா? போட்டிக்கு எப்போது அனுப்புவீர்கள்? "அடுத்த மாதமே" என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். உடம்பு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒருவர் சொன்ன பதிலைக் கேட்டு நான் அந்த ஹாலை விட்டே வந்துவிட்டேன். முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் வரும் வலி வளரும் வயதில் சகஜம். ஓடி ஓடி அதைச் சரிசெய்ய முடியாது. ஓய்வு வேண்டும், குறையாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இப்போதைய கோச் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார். "அக்கா, மேலே போய் உட்காருங்க. இருபது நிமிஷம் அவ காலை மட்டும் பாருங்க. கையைப் பார்க்காதீங்க, பந்தையும் பார்க்காதீங்க." பார்த்தேன். அடித்து முடித்ததும் மகள் அடித்த இடத்திலேயே நின்று பந்து போகும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கோர்ட்டில் ஆடிய பிள்ளை, பந்து வலையைத் தாண்டுவதற்குள் நடுவுக்குத் திரும்பியிருந்தாள். வித்தியாசம் அந்த இரண்டு எட்டு நடைதான். "ஏன் ஓடலே" என்று காரில் கத்தியதற்குப் பதிலாக இதை முதலிலேயே பார்த்திருக்கலாம். நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள். ஸ்கோர் ஏன் அப்படி வந்தது என்று உங்களுக்கே விளங்கும்.

பணம். பட்டர்வொர்த்தில் மாதம் 120 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். இங்கே வாரம் இரண்டு நாளுக்கு 220. ராக்கெட் நரம்பு, காலணி, போட்டிக் கட்டணம், பெட்ரோல் எல்லாம் தனி. வருட ஆரம்பத்தில் நானும் கணவரும் உட்கார்ந்து ஒரு தொகை முடிவு செய்கிறோம். அதற்கு மேல் போவதில்லை. செலவு ஏற ஏற, நம்மை அறியாமலேயே பிள்ளையிடம் வட்டி கேட்க ஆரம்பித்துவிடுவோம். "இவ்வளவு கொட்டியும்..." என்று ஆரம்பிக்கும் வாக்கியம் என் வாயில் ஒரு தடவை வந்தது. இன்னொரு தடவை வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்த வரம்பு.

எதிர்பார்ப்பும் ஊருக்கு ஊர் மாறும்

பட்டர்வொர்த்தில் நாங்கள் பிள்ளையை ஹாலில் இறக்கிவிட்டுச் சந்தைக்குப் போய்விடுவோம். திரும்பி வரும்போது மூன்று தாய்மார்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். யார் பிள்ளை ஜெயித்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கோலாலம்பூரில் கண்ணாடிக்குப் பின்னால் பெற்றோர் வரிசையாக உட்கார்ந்து கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். ராத்திரி வாட்சப் குழுவில் அது வரும். யாரையும் குறை சொல்லவில்லை. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியில் படிவம் ஒன்றுக்கு, அதாவது இடைநிலைப்பள்ளி முதல் ஆண்டுக்கு, இடம் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அதனால் 10, 11 வயதிலேயே நெருக்குதல் ஆரம்பித்துவிடுகிறது. சுற்றி எல்லோரும் அப்படி இருக்கும்போது நாமும் மெல்ல மெல்ல அப்படி ஆகிவிடுவோம். எனக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தி மகளுக்கு இதுவே வேறு வடிவத்தில். அங்கே 2004 முதல் விளையாட்டுத் திறமையை வைத்தும் உயர்நிலைப்பள்ளிக்கு முன்கூட்டியே இடம் வாங்கலாம். அதனால் ஆரம்பப் பள்ளி முடிவதற்குள் சான்றிதழ் வேண்டும் என்று அவள் அலைகிறாள். ஒஸ்லோவில் இருக்கும் கணவரின் அத்தை மகளோ, 11 வயது ஆகும் ஆண்டுக்கு முன் அங்கே பிள்ளைகளுக்குத் தரவரிசைப் பட்டியலே போடக்கூடாது என்கிறாள். தேசிய வெற்றியாளர் போட்டி 13 வயது ஆகும் ஆண்டில்தான். நாட்டின் விளையாட்டு மன்றமே போட்ட விதி அது. சுமார் 54 லட்சம் பேர் உள்ள அந்த நார்வேதான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு முதலிடம் பிடித்தது. பிள்ளையை 10 வயதில் நெருக்கினால்தான் வெற்றியாளர் உருவாவார் என்று யாராவது உங்களிடம் அடித்துச் சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு பக்கமும் உண்டு: "விளையாட்டு சோறு போடுமா, படிப்பு கெட்டுப்போகும்." அவர்களுக்கு ஒரு நேரான பதில் இருக்கிறது. பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. பள்ளி அளவைவிட மாவட்ட அளவில் ஆடியதற்குப் புள்ளி கூடுதல். படிப்பைக் கெடுக்காமல் வாரம் இரண்டு நாள் ஆடும் பிள்ளைக்கு அதுவே நல்ல பலன். ஆனால் அந்தப் புள்ளிக்காக மட்டும் பிள்ளையைத் தள்ளாதீர்கள். சான்றிதழ் வந்த மறுநாளே ராக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும்.

பூப்பந்து வீராங்கனை தினா முரளிதரனையும் ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியத்தையும் காட்டி "பார், நம்ம பிள்ளைங்க" என்று சொல்வது எனக்கும் பிடிக்கும். சொல்லும்போது முழுக் கதையையும் சொல்லுங்கள். சுங்கைப் பட்டாணிக்காரி சிவசங்கரி 2022-இல் கார் விபத்தில் கழுத்து எலும்பு முறிந்து படுத்தவர். அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கினார். என் மகளுக்கு அந்தத் தங்கத்தைவிட, நடுவில் ராக்கெட்டையே தொடாமல் இருந்த மாதங்கள்தான் மனதில் நின்றன. "அவங்களும் சும்மா இருந்தாங்களா அம்மா?" என்று கேட்டாள்.

காரில் பேச வேண்டியது

தோற்ற பிறகு காரில் நான் இப்போது மூன்றே கேள்வி கேட்கிறேன். தண்ணீர் குடிச்சியா? பசிக்குதா? எங்கே சாப்பிடலாம்? ஆட்டத்தைப் பற்றி அவள் ஆரம்பித்தால் கேட்டுக்கொள்வேன், நான் ஆரம்பிப்பதில்லை. முதல் சில வாரம் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டினேன். மூன்றாவது மாதம், மாமாக் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே அவளாகச் சொன்னாள்: "அம்மா, நான் அடிச்சிட்டு அங்கேயே நின்னுடறேன்." கோச் சொன்னதையும் நான் மேலிருந்து பார்த்ததையும் அவள் தானே கண்டுபிடித்திருந்தாள்.

தாத்தா பாட்டியையும் சேர்த்துப் பழக்க வேண்டும். என் அப்பா ரயில்வேயில் இருந்தவர். குவார்ட்டர்ஸ் திடலில் இருட்டும் வரை காற்பந்து ஆடியவர். ஞாயிறுதோறும் பட்டர்வொர்த்திலிருந்து கூப்பிட்டு முதல் வார்த்தையே "ஜெயிச்சியா ஆயா?" என்பார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தாலே இவள் போனை எடுக்காமல் குளியலறைக்குள் போய்விடுவாள். அப்பாவிடம் சொன்னேன், "எத்தனை ஆட்டம்பா ஆடினேன்னு கேளுங்க, போதும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த ஞாயிறு அப்படியே கேட்டார். அரை மணி நேரம் பேசினார்கள்.

போட்டி நாளன்று காலை எட்டு மணிக்கு வரச் சொல்வார்கள், ஆட்டம் மத்தியானம் இரண்டுக்கு வரும். அதை நம்பி வயிறு நிறைய நாசி லெமாக் கொடுத்துவிடாதீர்கள். வாழைப்பழம், இட்லி, தண்ணீர், ஒரு மாற்றுச் சட்டை, படிக்க ஒரு புத்தகம் போதும். ஒரு புது கிரிப்பும் பையில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அதை மகள்தான் சுற்றுவாள்; அடியிலிருந்து மேல்நோக்கி, இழுத்துப் பிடித்து, கடைசியில் டேப் ஒட்டுவாள். போன மாதம் 15 வயதுப் பிரிவுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் பையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவருக்குப் போய் விரலை வைத்து எண்ணினாள். "58 பேர்மா," என்றாள். அப்புறம் உட்கார்ந்து வாழைப்பழத்தை உரித்தாள்.